பரிகாரம் எங்கே?
உப்பிலியபுரம் வட்டாரக் கத்தோலிக்கருக்கு ஒரு திறந்த மடல்

உப்பிலியபுரம், கோட்டப்பாளையம், துறையூர் பக்கத்து ஊர்களில் வாழும், தலித் அல்லாத கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு,



தவக்காலம் வந்தால் நீங்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறீர்கள். வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, கோபப்பட்டதைச் சொல்கிறீர்கள். ஞாயிறு பூசை தவறியதை, குடித்ததை, பொய் சொன்னதை, மாமியாரை எதிர்த்துப் பேசியதைச் சொல்கிறீர்கள். சாமியார் சில மந்திரங்களை அபராதமாகத் தருகிறார். எழுந்து வரும்போது மனம் லேசாகிறது. அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது கடவுள் தருவது. ஒன்றை மட்டும் கேட்கவே இந்த மடல். "சாமி, என்னைப் போலவே ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் இறந்தால், என் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவரைப் புதைக்க எங்கள் ஆட்கள் விடுவதில்லை, நானும் வாய் திறக்கவில்லை" என்று உங்களில் யாராவது, என்றைக்காவது அங்கே முழந்தாளிட்டுச் சொன்னதுண்டா?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். கோட்டப்பாளையம் புனித மகதலா மரியா கோயிலைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். திருவிழாவில் தங்களுக்குப் பங்கில்லை, கல்லறை தனி, தங்கள் தெரு கோயிலுக்கு வேண்டாத தெரு என்பவை அவர்களுடைய குறைகள். 2024-இல் உயர் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. அவர்கள் டெல்லி வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. எது நிரூபணமாகும், எது ஆகாது என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள். தீர்ப்பு வரும்வரை ஒரு மனச்சாட்சி காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குச் சொல்ல இருப்பது. பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் எந்தத் தெரு யாருடையது, எந்தக் குழி யாருக்கு என்று உங்களுக்கு எந்த நீதிபதியும் வந்து சொல்லித்தர வேண்டாம்.

இப்படி ஒரு வழக்கு எந்த ஊரில் எழுந்தாலும் முதலில் காதில் விழுவது "ஊர் மானம் போச்சு" என்ற பேச்சு. "நம்மை டிவியில் காட்டிவிட்டார்கள், பேப்பரில் போட்டுவிட்டார்கள், நம் கோயில் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற புலம்பல் அடுத்து வரும். இந்தப் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். நடந்த செயலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை; செயல் வெளியே தெரிந்துவிட்டதைப் பற்றித்தான் எல்லாம். ஆதாமும் அப்படித்தான் மரங்களுக்கிடையே போய் ஒளிந்தான். கடவுள் கூப்பிட்டபோது பழத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் நிர்வாணத்தைப் பற்றிப் பேசினான், பிறகு மனைவியைக் கைகாட்டினான். மானத்துக்கு அஞ்சுகிறவன் ஒளிகிறான், அடுத்தவனைக் காட்டுகிறான், சொன்னவன் மேல் எரிந்து விழுகிறான். குற்றத்தை உணர்ந்தவன்தான் கெட்ட குமாரனைப் போல எழுந்து தகப்பனிடம் நடக்கிறான். நம் ஊர்களில் மான உணர்ச்சிக்குக் குறைவில்லை. குற்ற உணர்ச்சி அதில் நாலில் ஒரு பங்கு இருந்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. வெட்கம் செய்தவர் தோளில் ஏறாமல், அனுபவித்தவர் தோளில் ஏறிக் கிடக்கிறது. தேர் தங்கள் தெரு முனையோடு திரும்பிப் போவதைப் பார்க்கும் பிள்ளை, "நாம் என்ன செய்தோம்?" என்று தாயிடம் கேட்கிறது. தேரைத் திருப்பியவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு கேள்வியே தோன்றுவதில்லை. ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பட்டணத்தில் வேலைக்குப் போனால், எந்த ஊர், எந்தப் பங்கு என்று யாராவது கேட்டால் தயங்குகிறாள். ஒதுக்கியவர் தயங்குவதில்லை. ஒரு பாவத்தின் வெட்கத்தை, அந்தப் பாவம் யாருக்கு எதிராகச் செய்யப்பட்டதோ அவர்களே தலைமுறை தலைமுறையாகச் சுமப்பது எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது?

கோட்டப்பாளையம் கோயிலுக்குப் பாதுகாவலியாக நம் முன்னோர் யாரை வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. மகதலா மரியா தன்னுடையதல்லாத வெட்கத்தைப் பல நூற்றாண்டுகள் சுமந்தவள். ஏழு பேய்களிலிருந்து விடுபட்டவள் என்று லூக்கா எழுதுகிறார். சிலுவையடியில் நின்றவள், உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவள் என்று யோவான் எழுதுகிறார். விபசாரி என்று ஒருவரும் எழுதவில்லை. 591-இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் தம் மறையுரையில், பரிசேயன் வீட்டில் இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெயரில்லாப் பாவிப்பெண்ணையும் இவளையும் ஒருத்தியாக்கினார். அதன்பின் ஓவியங்களிலும் நாடகங்களிலும் பிரசங்கங்களிலும் அவள் தலைவிரி கோலத்தில் அழுதுகொண்டே இருந்தாள். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் திருச்சபை அந்தக் கலப்பைப் பிரித்தது. 2016-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவளுடைய திருநாளான ஜூலை 22-ஐ அப்போஸ்தலர்களுக்கு உரிய விழாவின் தரத்துக்கு உயர்த்தினார். இவ்வளவு காலம் கழித்து, இவ்வளவு பெரிய திருச்சபை, ஒரு பெண்ணின் மேல் போட்ட பழியைத் தானே எடுத்தது. அவளை நடுவில் நிறுத்தி விழா எடுக்கும் மண்ணில், பிறப்பைக் காட்டி யாரையும் தலைகுனிய வைக்க நமக்கு மனம் வரலாமா?

நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு மறந்திருக்காது: நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும். ஆத்துமசோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் வெளியிடுவது, கடைசியாகப் பரிகாரம். முதல் நான்கையும் நாம் எப்படியோ செய்துவிடுகிறோம். ஐந்தாவதை மூன்று அருள்நிறை மந்திரமாகச் சுருக்கிவிட்டோம். பக்கத்து வயலின் வரப்பை இரண்டு முழம் தள்ளிப் போட்டவர் கோயிலில் நெஞ்சில் அடித்து அழுதுவிட்டு, மறுநாள் அதே வரப்புக்கு இந்தப் பக்கம் நாற்று நட்டால் அந்த அழுகையை யார் நம்புவார்கள்? சக்கேயு மனம் மாறியபோது அழுததாக லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொன்னான். அதைக் கேட்ட பிறகே அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவித்தார்.

அறியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல வழியில்லை. இந்தச் சிக்கல் திருச்சி மண்ணுக்குப் பழசு. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஆங்கிலிக்கன் ஆயர் ஹீபர், 1826-இல் இங்கே இறப்பதற்குமுன், சபைக்குள் சாதிப் பழக்கத்தை ஓரளவு பொறுத்துப் போகலாம் என்ற எண்ணத்தில்தான் இருந்தார். பின்னாளில் அதே பதவிக்கு வந்த ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தமிழ்ச் சபைகள் பல கொதித்தன, ஆட்கள் வெளியேறினார்கள். நம் கத்தோலிக்க ஆயர்கள் 1982-இல் திருச்சியிலேயே கூடிய பேரவையில், சாதி மனிதத்தன்மைக்கு விரோதம், கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று தெளிவாக அறிக்கையிட்டார்கள். 2003-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடம் இதையே கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நாட்டின் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டது. போதனைக்குப் பஞ்சமில்லை. ஆயர்கள் கூடி அந்த அறிக்கையை எழுதிய திருச்சியிலேயே, மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களையும் மற்றப் பிணங்களையும் பிரிக்க எழுப்பிய சுவரின் கதை ஊரறிந்தது. நம் ஊர்களில் பலவற்றில் செங்கல் இல்லை, அவ்வளவுதான்.

"இது தாத்தா காலத்து வழக்கம், நாங்கள் உண்டாக்கியதில்லை" என்பீர்கள். உண்மை, நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் தாத்தா விட்டுப்போன நிலத்தை வாங்கிக்கொண்டவர், அதன் மேல் இருந்த கடனை மட்டும் என்னுடையதல்ல என்று சொல்லச் சட்டமும் விடாது, நியாயமும் விடாது. தேரின் முன்வரிசை, கோயில் சாவி, ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சு எல்லாம் உங்களுக்கு வந்து சேர்ந்த சொத்துதானே?

தென் ஆப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். 1857-இல் அங்கிருந்த டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேரவை, வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக வழிபடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே வழிபடலாம் என்று ஒரு சின்னச் சலுகை தந்தது. அந்தச் சலுகை தனிச் சபைகளாக வளர்ந்தது, பிறகு ஒரு நாட்டையே நிறத்தால் பிளந்த சட்டங்களுக்கு வேத நியாயமாகப் போய் நின்றது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் பல சபைகள் கூடியிருந்தபோது வில்லி யோங்கர் என்ற இறையியல் பேராசிரியர், வெள்ளையர், எழுந்து நின்றார். தம் சொந்தப் பாவத்தையும், தம் சபையின் பாவத்தையும், தம் இனத்தாரின் பாவத்தையும் பெயர் சொல்லி அறிக்கையிட்டார். டெஸ்மண்ட் டூட்டு எழுந்து அதை ஏற்றார். இருபக்கத்திலும் கோபப்பட்டவர்கள் உண்டு; சொந்த ஆட்களே "எங்களுக்காகப் பேச நீ யார்?" என்று யோங்கரைக் கேட்டார்கள். நம் வட்டாரத்தில் எழுந்து நிற்கப்போகிறவருக்கும் அதே கேள்வி வரும். ஆனாலும் எழ வேண்டியவர் உங்கள் பக்கத்திலிருந்துதான் எழ வேண்டும். வேறு யார் எழுந்தாலும் அது புகார் ஆகுமே தவிர பாவ அறிக்கை ஆகாது.

இன்னொரு பேச்சும் அடிக்கடி வருகிறது: "அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே, மன்னிக்கக் கூடாதா? கோர்ட்டுக்கா இழுப்பது?" இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. மன்னிக்கும்படி ஆண்டவர் கேட்டார், ஏழெழுபது முறை மன்னிக்கக் கேட்டார். அடித்தவர் அடிபட்டவரிடம் அதைக் கட்டளையாக நீட்டலாம் என்று எங்கும் சொல்லவில்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனிடம், உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்றார் அவர். போக வேண்டிய கால் யாருடையது? மனத்தாங்கல் உள்ளவனுடையது அல்ல, காணிக்கை கொண்டுவந்தவனுடையது.

மன்னிப்பு எப்படி வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சிகள் உண்டு. கேரளத்துக் கன்னியாஸ்திரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் நிலமில்லாத ஏழைகளுக்காக உழைத்ததால் 1995 பிப்ரவரி 25-இல் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் சமந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை, அவரும் கன்னியாஸ்திரி, சிறைக்குப் போய் அந்தக் கொலைகாரரின் கையில் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். அந்த மனிதர் மாறிப்போனார். விடுதலையான பிறகு ராணி மரியாவின் தாயைக் கேரளத்துக்குத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஒடிசாவில் 1999 ஜனவரியில் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு பையன்களையும் வண்டியோடு தீயில் பறிகொடுத்த கிளாடிஸ் அம்மா, எரித்தவர்களை மன்னித்தேன் என்றார்; அதே நேரத்தில் சட்டம் தன் வேலையைச் செய்வதை அவர் தடுக்கவில்லை. இந்தப் பெண்களிடம் யாரும் போய் "மன்னித்தாக வேண்டும்" என்று வற்புறுத்தவில்லை. அது அவர்கள் சுதந்தரமாகக் கொடுத்தது. தலித் சகோதரர்கள் நீதிமன்றத்துக்குப் போனதால் மன்னிக்கத் தெரியாதவர்கள் ஆகிவிடவில்லை. தலைமுறைகளாக அதே கோயிலுக்கு வருகிறார்களே, நீங்கள் தொட்ட தண்ணீர்த் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போடுகிறார்களே, இதைவிடப் பெரிய மன்னிப்பை எங்கே தேடுகிறீர்கள்?

பயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். சொந்தபந்தம் என்ன சொல்லும், பெண் கொடுப்பார்களா, நாளைக்கு நம் வீட்டுக் காரியத்துக்கு ஆள் வருமா என்ற பயம். அது பொய்ப் பயம் அல்ல. 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் ஒரே கோயில் மக்கள் சாதியால் மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் சுவர் இடிந்தால் ஊர் இடிந்துவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில், ஒரு பீடத்திலிருந்து இரண்டு கால்கள்போலப் பிரிந்து ஓடியது. நடுவே சுவர், ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் முதலானோர். 1910-இல் குருக்கள் அந்தச் சுவரை எடுத்தார்கள். மீண்டும் கட்டித்தரச் சொல்லி வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். இன்றைக்கு வடக்கன்குளத்தில் அந்தச் சுவருக்காக யார் அழுகிறார்கள்?

என் விண்ணப்பம் இதுதான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் விஷயத்தை இந்த மடலில் நான் கேட்கவில்லை. அதற்கும் ஒரு நாள் வரும். இன்றைக்குக் கேட்பது அதைவிடச் சின்னது. வரும் ஜூலை 22-க்கு முன்பாக, திருவிழாவுக்காகக் குடும்பந்தோறும் வாங்கும் தலைக்கட்டு வரியை எழுதும் நோட்டில் எல்லாத் தெருக் குடும்பங்களின் பெயரையும் எழுதுங்கள், எல்லாரிடமும் ஒரே தொகை வாங்குங்கள். வரி வாங்காமல் விடுவதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். வரி கொடுக்காதவருக்குத் திருவிழாவில் பேச்சில்லை என்று பிறகு சொல்லத்தான் அது உதவுகிறது. தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். தெரு குறுகல், கம்பி தாழ்வு என்று காரணம் சொல்லாமல் மின்வாரியத்தில் ஒரு மனு கொடுங்கள், கம்பியைத் தூக்கிக் கட்டுவார்கள். பங்குப்பேரவையில் ஒதுக்கப்பட்ட தெருக்காரர்களும் உட்காரட்டும், கணக்கு கேட்கட்டும். அடுத்து இறப்பவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும், அடுத்த குழி எங்கே வர வேண்டுமோ அங்கே தோண்டுங்கள். கல்லறைத் திருநாளுக்கு நவம்பர் 2 மாலையில் நாம் மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது ஒரே வாசல் வழியாகப் போவோம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர், நாட்டாண்மை, கோயில்பிள்ளை, பேரவையில் இருக்கிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கத்துக்குப் பிறகு, எல்லாருக்கும் முன்னால் எழுந்து நில்லுங்கள். பூசைதோறும் நாம் சொல்லும் பாவ அறிக்கை, கடமையில் தவறியதையும் பாவமென்றே சொல்கிறது. நான் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன் என்பவர்களும் அதற்குள் அடக்கம். என்ன செய்தோம் என்பதை "சில மனத்தாங்கல்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், கல்லறை என்று சொல்லுங்கள், தேர் என்று சொல்லுங்கள், தெரு என்று சொல்லுங்கள். பிறகு தலித் குடும்பத்தாரைக் கோயிலுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்காமல், நீங்கள் அவர்கள் தெருவுக்கு நடந்து போய், வாசலில் நின்று கேளுங்கள். அவர்கள் உடனே தலையசைக்காமல் போகலாம். "பார்க்கலாம்" என்று சொல்லலாம். கதவைச் சாத்தவும் செய்யலாம். அந்த உரிமை அவர்களுடையது. நீங்கள் திரும்பி வந்து வரி நோட்டைத் திருத்துங்கள், கல்லறை வேலியை எடுங்கள். அவர்கள் மன்னித்த பிறகு செய்வது அல்ல பரிகாரம். மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் செய்ய வேண்டியது.

குருக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர் இந்தப் பாவத்தைச் சொல்லாமல் எழுந்தால், நீங்களே மெதுவாகக் கேளுங்கள்: "கல்லறை விஷயத்தில் உன் மனம் எப்படி இருக்கிறது, மகனே?" கேட்டால் சிலர் வேறு பங்குக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். போகட்டும், அங்கேயும் ஒரு குரு இதையே கேட்கும்படி நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிவையுங்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் முதல் பொருளாக இதை எழுதச் சொல்லிப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் நாலு குடும்பமாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தெருக்காரர்களை அழைக்கும்போது ஆள் அனுப்பாமல், நீங்களே போய் அழையுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
உப்பிலியபுரம்